குடியுரிமையும் மொழித்தேர்வும்: எஸ்தோனியா, லாத்வியா நாடுகளில் சிறுபான்மையோர் நிலை

1991 மார்ச் 3 அன்று எஸ்தோனியாவிலும் லாத்வியாவிலும் பொதுவாக்கெடுப்பு ஒன்று நிகழ்ந்தது. சோவியத் ஒன்றியத்திலிருந்து பிரிந்து தனிநாடாக வேண்டுமா என்பதே கேள்வி. எஸ்தோனியாவில் வாக்களித்தோருள் 78 விழுக்காட்டினரும் லாத்வியாவில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினரும் வேண்டும் என்றனர். அந்நாடுகளில் வாழ்ந்த வயதுவந்தோர் அனைவரும் வாக்களிக்கும் உரிமை பெற்றிருந்தனர். ரஷ்ய மொழி பேசுவோருள் கணிசமான பகுதியினர் விடுதலையை ஆதரித்திராவிட்டால் இத்துணை உயர்ந்த விழுக்காடு கிட்டியிராது. ஓராண்டு கழிவதற்குள் அவ்வாறு வாக்களித்தோருள் பலர் தாம் ஆதரித்த நாட்டின் குடிமக்களாக இல்லை. நாடு மாறாமல், வீடு மாறாமல், பிறந்த ஊரிலேயே அவர்கள் நாடற்றோராயினர். பொதுவுடைமை ஆட்சி வீழ்ந்தபின் கிழக்கு ஐரோப்பாவில் தோன்றிய மக்களாட்சிகள் எதிர்கொண்ட சிக்கல்களுள் மொழியும் குடியுரிமையும் இவ்வளவு நெருங்கிப் பிணைந்த சிக்கல் வேறில்லை எனலாம்.

ஒருதலை இருமொழியம்

சிக்கலின் வேர் மக்கள்தொகையில் உள்ளது. 1934ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி எஸ்தோனியாவில் எஸ்தோனியர் 88 விழுக்காடு. 1989இல் இது 61.5 ஆகக் குறைந்தது. லாத்வியாவில் 1935இல் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினராயிருந்த லாத்வியர் 1989இல் 52 விழுக்காடாயினர். தலைநகர் ரீகாவில் அவர்கள் மூன்றில் ஒரு பங்கினரைவிடச் சற்றே மிகுதி. 1939 ஆகஸ்டு 23இல் கையெழுத்தான மொலோட்டோவ்–ரிப்பென்டிராப் உடன்பாடு, 1940 சோவியத் ஆக்கிரமிப்பு, 1941 முதல் 1944 வரை நாஜி ஜெர்மனியின் ஆட்சி, யூதர் படுகொலை, மேற்கு நோக்கி ஓடிய அகதிகள், 1941 சூன் மாதத்திலும் 1949 மார்ச்சிலும் சைபீரியாவிற்கு நாடு கடத்தப்பட்டோர் என இழப்புகள் ஒருபுறம். போருக்குப்பின் பெருந்தொழிற்சாலைகளுக்கும் படைத்தளங்களுக்கும் ஒன்றியத்தின் பிற பகுதிகளிலிருந்து வந்து குடியேறியோர் மறுபுறம். வந்தவர்களுள் ரஷ்யரேயன்றி உக்ரேனியரும் பெலாரூசியரும் இருந்தனர். எனினும் ஊரில் அவர்கள் பேசியது ரஷ்ய மொழியே.

மொழியியல் நோக்கில் முதன்மையானது எண்ணிக்கையன்று. இருமொழியம் எப்பக்கம் சாய்ந்திருந்தது என்பதே. 1989 கணக்கெடுப்பின்படி, எஸ்தோனியாவில் வாழ்ந்த ரஷ்யருள் எஸ்தோனிய மொழியைச் சரளமாகப் பேச வல்லோர் ஏறத்தாழ 15 விழுக்காடு. லாத்வியாவில் லாத்விய மொழியறிந்த ரஷ்யர் ஏறத்தாழ 22 விழுக்காடு. அதே லாத்வியாவில் லாத்வியருள் மூன்றில் இரு பங்கினர் ரஷ்ய மொழி அறிந்திருந்தனர். ஒரு கடையில் ஒரு லாத்தியரும் ஒரு ரஷ்யரும் எதிர்ப்பட்டால் உரையாடல் எம்மொழியில் நிகழும் என்பது முன்கூட்டியே முடிவானதொன்று. மொழிவாரிக் குடியரசு என்ற பெயரும் அம்மொழியில் பள்ளிகளும் நூல்களும் இருந்தும், ஆலை, கப்பல்துறை, இருப்புப்பாதை, காவல்துறை ஆகிய களங்களிலிருந்து அம்மொழி படிப்படியாக விலகியது.

இது தானாக நிகழ்ந்ததன்று. 1950களின் பிற்பகுதியில் லாத்தியப் பொதுவுடைமைக் கட்சிக்குள்ளிருந்தே எதுவார்ட்ஸ் பெர்க்லாவ்ஸ் முதலியோர், அலுவலரும் மக்களோடு பழகும் பணியாளரும் இரண்டு ஆண்டுகளுக்குள் லாத்விய மொழி கற்க வேண்டும் எனக் கோரினர். 1959இல் அவர்கள் பதவிகளிலிருந்து நீக்கப்பட்டனர். 1979இல் தாஷ்கந்தில் கூடிய மாநாடு ரஷ்ய மொழியை மக்களினங்களின் நட்புமொழி எனப் போற்றி, அதைக் கற்பிப்பதை இளங்குழந்தைப் பருவத்திற்கே கொண்டுசெல்ல வழிவகுத்தது. மறு ஆண்டு எஸ்தோனிய அறிவாளர் நாற்பதின்மர் தம் மொழியின் நிலை குறித்துத் திறந்த மடல் எழுதினர். கவிஞர் யான் காப்லின்ஸ்கி அவர்களுள் ஒருவர். மடலில் கையொப்பமிட்டோர் விசாரணைக்கும் பணியிடர்ப்பாட்டிற்கும் ஆளாயினர்.

ஆகவே, 1988இல் மக்கள் முன்னணிகள் தோன்றியபோது அவற்றின் முதற்கோரிக்கைகளுள் மொழி இடம்பெற்றதில் வியப்பில்லை. எஸ்தோனிய மக்கள் முன்னணியின் தொடக்ககால முன்னோடிகளுள் மாத்தி ஹின்ட் என்னும் மொழியியலாளரும் ஒருவர். விடுதலை கிட்டுவதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்பே, சோவியத் ஆட்சி நீடிக்கும்போதே, எஸ்தோனியாவில் 1989 சனவரி 18இலும் லாத்வியாவில் அவ்வாண்டு மே 5இலும் மொழிச் சட்டங்கள் நிறைவேறின. எஸ்தோனியச் சட்டத்தின் வழி மொழித்திறன் ஆறு படிநிலைகளாகப் பகுக்கப்பட்டது. கடை ஊழியர்க்கு ஒரு படி, மருத்துவர்க்கு ஒரு படி, உயர் அலுவலர்க்கு ஒரு படி எனப் பணிக்கேற்ற அளவு வேண்டப்பட்டது. கற்றுக்கொள்ளச் சில ஆண்டுகள் அவகாசமும் தரப்பட்டது. இச்சட்டம் ரஷ்ய மொழியை ஒதுக்கவில்லை. அலுவலகத்திற்கு வருபவர் எஸ்தோனிய மொழியில் பேசினால் அம்மொழியிலும், ரஷ்ய மொழியில் பேசினால் அதிலும் விடையளிக்கும் கடமையை அலுவலர்மீது சுமத்தியது. ஒருதலை இருமொழியத்தை இருதலை இருமொழியமாக மாற்றும் முயற்சி என இதனைக் கொள்ளலாம். பின்னர் வந்த சட்டங்கள் அனைத்தினும் இது நேர்மையானது. 1995ஆம் ஆண்டு மொழிச் சட்டமோ எஸ்தோனிய மொழி தவிர்ந்த எல்லா மொழிகளையும் அயல்மொழி என ஒரே சொல்லால் வரையறுத்தது. நாட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரின் தாய்மொழி அவ்வாறு அயல்மொழியாயிற்று.

மீட்கப்பட்ட நாடும் அதன் குடிகளும்

மொழிச் சட்டம் ஒருவர் என்ன கற்க வேண்டும் என்பதைக் கூறியது. ஒருவர் யார் என்பதைக் குடியுரிமைச் சட்டம் கூறியது. இரண்டும் வெவ்வேறு கருவிகள். ஒன்றின் பணியை மற்றொன்றின்மேல் ஏற்றியதிலேயே பிற்காலத் துன்பங்களுள் பெரும்பகுதி தொடங்குகிறது.

1991 ஆகஸ்டில் தோன்றியவை புதிய நாடுகள் அல்ல, 1940இல் கவரப்பட்டு மீட்கப்பட்ட பழைய நாடுகள் என்பதே எஸ்தோனிய, லாத்வியச் சட்ட அறிஞரின் கொள்கை. இதற்கு வலுவான ஆதாரங்கள் உண்டு. 1940 சூலை 23 முதல் அமெரிக்கா அந்த இணைப்பை ஏற்க மறுத்து வந்தது. மேலைநாடுகள் பலவும் அவ்வாறே. நாடு தொடர்ந்து இருந்தது என்றால், அதன் குடிமக்கள் தொகுதியும் தொடர்ந்து இருந்தது. எனவே 1940இல் குடிமக்களாயிருந்தோரும் அவர்தம் வழித்தோன்றல்களும் மட்டுமே குடிமக்கள். ஏனையோர் ஆக்கிரமிப்புக் காலத்தில் வந்தோர். அவர்கள் விண்ணப்பித்தே உரிமை பெற வேண்டும். லாத்விய உச்சமன்றம் 1991 அக்டோபர் 15இலும், எஸ்தோனிய உச்சமன்றம் 1992 பிப்ரவரி 26இலும் இவ்வகைத் தீர்மானங்களை நிறைவேற்றின. எஸ்தோனியா தனது 1938ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தையே மீண்டும் நடைமுறைக்குக் கொணர்ந்தது.

அதே 1992 பிப்ரவரி 26இல், பழைய யுகோஸ்லாவியாவிலிருந்து பிரிந்த ஸ்லோவேனியா, பிற குடியரசுகளிலிருந்து வந்து தங்கியிருந்த ஏறத்தாழ 25,000 பேரை நிலைவாழ்நர் பதிவேட்டிலிருந்து ஓசையின்றி நீக்கியது. இரு நிகழ்ச்சிகளுக்கும் தொடர்பில்லை. எனினும் அந்த ஆண்டின் மனநிலையை இவ்வுடன்நிகழ்வு காட்டுகிறது.

தொடர்ச்சிக் கொள்கையை இனவெறுப்பு என்று எளிதில் தள்ளிவிட இயலாது. அது இனத்தையோ மொழியையோ பார்க்கவில்லை. பெய்ப்சி ஏரிக் கரையில் பல தலைமுறைகளாக வாழும் பழஞ்சமயநெறி ரஷ்யர், எஸ்தோனிய மொழி அறியாவிடினும், எந்தத் தேர்வுமின்றிக் குடிமக்களாயினர். லாத்வியாவில் ரஷ்யருள் மூன்றில் ஒரு பங்கினர்க்கும் மேற்பட்டோர் இவ்வழியே உரிமை பெற்றனர். மாறாக, முன்னோர் சார் காலத்தில் ரஷ்யாவிற்குக் குடிபெயர, தாம் போருக்குப்பின் திரும்பி வந்த எஸ்தோனியர் மரபுவழி உரிமைக்குள் அடங்கவில்லை. கோட்பாட்டளவில் இது சட்டத்தின் நடுநிலையைக் காட்டும். விளைவளவில் வெளியே நின்றோர் ஏறத்தாழ அனைவரும் ரஷ்ய மொழியினரே. நடுநிலையான விதி ஒருபக்கமாகவே விளைவு தந்தது என்பதையும் அவ்விதியை இயற்றியோர் அறிந்தேயிருந்தனர்.

இங்குச் சொல்லாராய்ச்சி ஒன்று பொருந்தும். குடிமகனைக் குறிக்கும் லாத்வியச் சொல் ‘பில்சோனிஸ்’. இது கோட்டை எனப் பொருள்படும் ‘பில்ஸ்’ என்பதிலிருந்து வந்தது. கோட்டைமதிலுக்கு உள்ளிருப்பவன் என்பது அதன் அடிக்கருத்து. எஸ்தோனியச் சொல்லாகிய ‘கோதனிக்’ என்பதோ வீடு எனப் பொருள்படும் ‘கோத’ என்பதன் அடியாகப் பிறந்தது. தமிழின் ‘குடி’ வீட்டையும் குடும்பத்தையும் குடிமக்களையும் ஒருங்கே குறிப்பதை இது நினைவூட்டும். கோத, குடி என்னும் ஒலியொப்புமை, திராவிட மொழிகளைச் சித்திய இனத்தோடு சேர்த்தெண்ணிய கால்டுவெல்லின் காலத்தவரைப் பெரிதும் மகிழ்வித்திருக்கும். இன்றைய ஒப்பியலார் அவ்வினத்தொடர்பை நிறுவப்பட்டதாக ஏற்பதில்லை. வெளியே நின்றோர்க்கு இருநாடுகளும் இட்ட பெயர்களும் நோக்கத்தக்கன. லாத்வியா ‘குடியல்லாதார்’ என்றது. எஸ்தோனியா ‘வரையறுக்கப்படாத குடியுரிமையோர்’ என்றது. முன்னது மறுப்பு, பின்னது ஒத்திவைப்பு. நாடற்றோர் என்னும் பன்னாட்டுச் சட்டச் சொல்லை இரண்டும் தவிர்த்தன.

நார்வா

எஸ்தோனியாவில் குடியேறியோர் உரிமை பெற, 1990 மார்ச் 30 தொடங்கி இரண்டாண்டுக் குடியிருப்பும், அதன்பின் ஓராண்டுக் காத்திருப்பும், மொழித்தேர்ச்சியும் வேண்டப்பட்டன. இக்கணக்கின்படி 1993க்கு முன் எவரும் குடிமகனாக இயலாது. ஆனால் அரசமைப்பு வாக்கெடுப்பு 1992 சூன் 28இலும் நாடாளுமன்றத் தேர்தல் செப்டம்பர் 20இலும் நிகழ்ந்தன. குடியுரிமைக்கு ஏற்கெனவே விண்ணப்பித்துள்ளோரை இம்முதல் தேர்தலில் மட்டும் வாக்களிக்க விடலாமா என்ற துணைக்கேள்வி சூன் வாக்கெடுப்பிலேயே கேட்கப்பட்டது. 53 விழுக்காட்டினர் வேண்டா என்றனர். மக்கள்தொகையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் வெளியே நிற்க, 101 உறுப்பினர் கொண்ட மன்றம் முற்றிலும் எஸ்தோனியரால் நிரம்பியது.

1993 சூன் மாதத்தில் அம்மன்றம் அயலார் சட்டத்தை நிறைவேற்றியது. பல்லாண்டுகளாக வாழ்ந்துவந்தோரும் புதிதாகத் தங்கும் அனுமதி கேட்க வேண்டும். அது கிட்டும் என்ற உறுதியும் தெளிவாக இல்லை. ரஷ்ய எல்லையில் நார்வா ஆற்றின் கரையில் உள்ள நார்வா நகரத்தை இது உலுக்கியது. 1944 போரில் தரைமட்டமான அந்நகரின் பழைய மக்கள் திரும்பிவர அனுமதிக்கப்படவில்லை. கிரீன்ஹோல்ம் துணியாலைக்கும் பிற ஆலைகளுக்கும் வெளியிலிருந்து ஆள் திரட்டப்பட்டது. 1989இல் அங்கு எஸ்தோனியர் நூற்றுக்கு நால்வர் அளவினரே. மொழித்தேர்வுக்காக எஸ்தோனிய மொழி கற்க வேண்டிய நார்வா மக்கள் அதைப் பேசிப்பழகத் தெருவில் ஒருவரைக் காண்பது அரிது. சமூகத்தில் வழங்காத மொழியைச் சமூகத்தில் சேர்வதற்குரிய நிபந்தனையாக்கும் முரண் இங்குப்போல் வேறெங்கும் வெளிப்படையாக இல்லை.

குடியரசுத் தலைவர் லென்னார்ட் மெரி, தாமே எழுத்தாளரும் பின்ன-உக்ரிய மக்கள் குறித்து ஆவணப்படங்கள் எடுத்தவருமாவார். அவர் சட்டத்திற்கு உடனே ஒப்புதல் தராமல் ஐரோப்பிய நிறுவனங்களின் கருத்தைக் கேட்டார். அக்கருத்துகளின்படி சட்டம் திருத்தப்பட்டு சூலையில் மீண்டும் நிறைவேறியது. ஆயினும் சூலை 16, 17 நாள்களில் நார்வாவும் சில்லமேயும் தன்னாட்சி கோரி நகர அளவில் வாக்கெடுப்பு நடத்தின. வாக்களித்தோர் ஏறத்தாழ அனைவரும் தன்னாட்சிக்கே வாக்களித்தனர். நார்வாவில் வாக்களிக்க வந்தோரோ பாதிக்குச் சற்றே மிகுதி. அரசு படையனுப்பித் தடுக்கவில்லை. உச்சநீதிமன்றம் அவ்வாக்கெடுப்பு சட்டத்திற்கு ஒவ்வாது எனத் தீர்ப்பளித்தது. நகரமன்றங்கள் அத்தீர்ப்பை ஏற்றன. அவ்வாண்டு அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல். 1992 அரசமைப்பு, நிலைவாழ்நர் அனைவர்க்கும், குடிமகனல்லாதார்க்கும், உள்ளாட்சி வாக்குரிமை தந்திருந்தது. பால்கன் நாடுகளில் குருதி பெருகிய அதே ஆண்டில் நார்வாவில் துப்பாக்கி வெடிக்காமைக்கு இவ்வுரிமையும் ஒரு காரணம் என மதிப்பிடலாம். லாத்வியா அவ்வுரிமையை என்றும் வழங்கவில்லை.

பலகணிகள்

லாத்வியாவின் முதல் வரைவு, ஆண்டுதோறும் குடியுரிமை பெறுவோர்க்கு எண்ணிக்கை வரம்பு விதித்தது. 1994 சூனில் குடியரசுத் தலைவர் குந்திஸ் உல்மானிஸ் அதைத் திருப்பியனுப்பினார். சூலை 22இல் நிறைவேறிய சட்டம் வரம்பை நீக்கி, ‘பலகணி’ முறையைக் கொண்டுவந்தது. நாட்டில் பிறந்த இளையோர்க்கு 1996இல் முதற்பலகணி திறக்கும். பின் அகவை வாரியாக ஆண்டுக்கு ஒன்று. வெளியே பிறந்தோர்க்கு இறுதியில். சட்டம் அஞ்சியது பெருங்கூட்டத்தை. வந்ததோ தகுதியுற்றோருள் மிகச் சிறுபகுதி. தேர்வுக்கட்டணம், தேர்வச்சம், கட்டாயப் படைப்பணி, ரஷ்யாவிற்குச் செல்ல விசா வேண்டியிராமை எனக் காரணங்கள் பல கூறப்பட்டன. இங்கேயே பிறந்தவனிடம் இங்கே இருக்க விண்ணப்பம் கேட்பதா என்ற மனக்காயத்தையும் அவற்றோடு சேர்த்தெண்ண வேண்டும். அதனை அளக்கும் கருவி இல்லை.

ஐரோப்பியப் பாதுகாப்பு, ஒத்துழைப்பு அமைப்பின் சிறுபான்மையினர் உயர் ஆணையர் மாக்ஸ் வான் தெர் ஸ்டூல் இரு நாடுகளுக்கும் அடுத்தடுத்து மடல்கள் எழுதிப் பலகணிகளை அகற்றவும், நாடற்ற பெற்றோரின் குழந்தைகட்கு எளிதில் உரிமை தரவும் வலியுறுத்தினார். அவர் மொழித்தேர்வை எதிர்க்கவில்லை. அது எளிமையாகவும் ஒரே சீராகவும் இருக்க வேண்டும் என்றார். 1998 அக்டோபர் 3 வாக்கெடுப்பில் லாத்விய வாக்காளருள் 53 விழுக்காட்டினர் திருத்தத்தை ஏற்றனர். பலகணிகள் மறைந்தன. ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியுடன் 1990களின் நடுவில் தொடங்கிய லாத்விய மொழிப் பயிற்சித் திட்டமும் பயன் தந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த மறு ஆண்டாகிய 2005இல் மட்டும் 19,000க்கும் மேற்பட்டோர் குடியுரிமை பெற்றனர். கற்பிக்கும் ஏற்பாடு தேர்வுக்கு முன்னரே வந்திருந்தால் இவ்வெண்ணிக்கை பத்தாண்டுகள் முன்னரே கிட்டியிருக்கும் என்று கருத இடமுண்டு.

தேர்வாளர் ஒருவர்

மொழித்தேர்வு எத்தகைய கருவியாக மாறக்கூடும் என்பதை இரு வழக்குகள் காட்டுகின்றன. ரீகாவில் ஆசிரியர் ஒருவர், வல்லுநர் ஐவர் குழுவிடம் 1993இல் லாத்விய மொழியில் மிகவுயர்ந்த மூன்றாம் படிச் சான்று பெற்றிருந்தார். 1997 நகராட்சித் தேர்தலில் வேட்பாளரானபோது, ஒரே ஒரு தேர்வாளர் அவரைச் சோதித்து, மொழித்திறன் போதாது என எழுதினார். பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. ஐ.நா. மனித உரிமைக் குழு 2001இல் இது உரிமை மீறல் எனக் கண்டது. இரண்டாம் வழக்கு 1998 நாடாளுமன்றத் தேர்தலைச் சார்ந்தது. சான்றிதழ் உள்ள பெண் வேட்பாளர் ஒருவரது பணியிடத்திற்கே தேர்வாளர் முன்னறிவிப்பின்றி வந்தார். அவர் ஏன் அக்கட்சியை ஆதரிக்கிறார் என்றும் கேட்டார். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2002 ஏப்ரலில் வேட்பாளர் பக்கம் தீர்ப்பளித்தது. நாடாளுமன்றத்திற்கு அலுவல்மொழி அறிந்த உறுப்பினர் வேண்டும் என்பதை நீதிமன்றம் மறுக்கவில்லை; அத்திறனை அளந்த முறையையே மறுத்தது. வேட்பாளர்க்கான மொழி நிபந்தனையை எஸ்தோனியா 2001 இறுதியிலும் லாத்வியா 2002 மே மாதத்திலும் நீக்கின.

பெயர் குறித்த வழக்குகள் மொழியியலார்க்கு இன்னும் சுவையானவை. லாத்விய மொழியில் ஆண்பாற் பெயர் எழுவாயாக வரும்போது பெரும்பாலும் ‘ஸ்’ முதலிய ஈறு பெறும். ஈறின்றேல் வேற்றுமை ஏற்பது அரிது. எனவே லியோனித் ராய்மன் என்னும் பெயர் கடவுச்சீட்டில் ‘லியோனித்ஸ் ராய்மன்ஸ்’ ஆகும். இலக்கணத்தேவை உண்மையானதே. ஆனால் இலக்கணம் தொடரில் ஆட்சி செய்வது, கடவுச்சீட்டு தொடரன்று. பிறவியிலேயே தமக்கிருந்த பெயர் மாற்றப்பட்டதை எதிர்த்த ஒருவரின் முறையீட்டை ஐ.நா. குழு 2010இல் ஏற்றது. அதற்கு முன் 2004இல், கணவரின் ஜெர்மானியக் குடும்பப்பெயர் லாத்விய எழுத்துமுறைக்கு மாற்றப்பட்டது குறித்த மற்றொரு முறையீட்டை ஐரோப்பிய நீதிமன்றம் ஏற்கவில்லை. ஒரே இலக்கண விதிக்கு இரு மன்றங்கள் இருவேறு விடை தந்தன.

லித்துவேனியாவில் இவை பெரும்பாலும் எழவில்லை. லித்துவேனியர் ஏறத்தாழ 80 விழுக்காடாயிருந்ததால், 1989 நவம்பர் 3 சட்டம் நாட்டில் வாழ்ந்த அனைவர்க்கும் குடியுரிமையைத் திறந்துவைத்தது. பெருந்தன்மைக்கும் எண்ணிக்கை துணைநின்றது என்பது குறிப்பிடத்தக்கது.

எஞ்சியோர்

1992இல் எஸ்தோனிய மக்கள்தொகையில் ஏறத்தாழ 32 விழுக்காடாயிருந்த வரையறுக்கப்படாதோர் இன்று ஐந்து விழுக்காட்டிற்கும் குறைவு. லாத்வியாவில் 1995இல் ஏழு இலட்சத்திற்கும் மேற்பட்டிருந்த குடியல்லாதார் பத்து விழுக்காட்டிற்கும் கீழே வந்துள்ளனர். ஒரு பகுதியினர் தேர்வெழுதிக் குடிமக்களாயினர். ஒரு பகுதியினர் ரஷ்யக் குடியுரிமை பெற்றனர், அங்கே ஓய்வூதிய அகவை குறைவாயிருந்ததும் இதற்கொரு காரணம். எஞ்சியோருள் பலரை முதுமை கொண்டுசென்றது. குழந்தைகள் பொருட்டு எஸ்தோனியா 2016 முதலும் லாத்வியா 2020 முதலும் சட்டத்தைத் தளர்த்திப் புதிதாக எவரும் நாடற்றவராகப் பிறவாமல் செய்தன.

அதனால் பூசல் தீர்ந்ததாகாது. 2012 பிப்ரவரி 18இல் ரஷ்ய மொழியை இரண்டாம் ஆட்சிமொழியாக்கும் முன்மொழிவை லாத்விய வாக்காளருள் 75 விழுக்காட்டினர் நிராகரித்தனர். வெளியில் நிகழ்ந்த சோவியத் காலப் பணிக்கு ஓய்வூதியம் மறுக்கப்பட்ட குடியல்லாதார் ஒருவர் 2009இல் ஐரோப்பிய நீதிமன்றத்தின் பேரமர்வில் வென்றார். 2022இல், உக்ரேன்மீது ரஷ்யா பெரும்போர் தொடுத்த சில மாதங்களுக்குள், அதேபோன்ற முறையீடு அதே பேரமர்வில் தோற்றது. அவ்வாண்டே லாத்வியா, தன் நாட்டில் வாழும் ரஷ்யக் குடிமக்கள் அடிப்படை லாத்வியத் தேர்வில் தேற வேண்டும் என விதித்தது. தேர்வறைகளுக்கு வந்தோருள் பெரும்பாலோர் முதியோர். ஓய்வூதியம் கருதி ஒருகால் ரஷ்யக் கடவுச்சீட்டு வாங்கிய முன்னாள் குடியல்லாதாரும் அவர்களுள் இருந்தனர். பள்ளிகளைப் பொறுத்தவரை, ரஷ்யவழிக் கல்வியை லாத்வியா 2023 முதலும் எஸ்தோனியா 2024 முதலும் படிப்படியாக முடிவுக்குக் கொண்டுவரத் தொடங்கின.

நார்வாவில் 1993இல் அமைதி காக்க உதவிய உள்ளாட்சி வாக்குரிமையும் நிலைக்கவில்லை. 2025 மார்ச்சில் எஸ்தோனிய நாடாளுமன்றம் அரசமைப்பைத் திருத்தியது. ரஷ்ய, பெலாரூசியக் குடிமக்கள் அவ்வுரிமையை உடனே இழந்தனர். வரையறுக்கப்படாத குடியுரிமையோர்க்கு அவ்வாண்டு அக்டோபர் உள்ளாட்சித் தேர்தலில் மட்டும் இறுதியாக ஒருமுறை வாக்களிக்க இடம் தரப்பட்டது.